முப்பதாயிரத்து முப்பத்தொன்று

ரித்திகா பேசி முடித்துவிட்டாள். கைதட்டலும் ஓய்ந்துவிட்டது. அமலோற்பவம் மேம் பெயர்ப் பட்டியலில் விரலை ஒரு வரி கீழே இறக்கிவிட்டார்கள். அந்த வரியில் இருப்பது தன் பெயர்தான் என்று செண்பகவல்லிக்கு மூன்று வாரமாகவே தெரியும். இருந்தாலும் கரண்ட் போய்விடாதா, ஆபீசிலிருந்து யாராவது சுற்றறிக்கையோடு வந்து நிற்கமாட்டார்களா, மேமுக்கு ஒரு தும்மலாவது வந்து விரல் ஒரு வரி தள்ளி விழுந்துவிடாதா என்று மனசு கடைசி நொடிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மனசுக்கென்ன, அது எதை வேண்டுமானாலும் கேட்கும். "செண்பகவல்லி, வாம்மா" என்று மேம் கூப்பிட்டபோது எழுந்து நடந்தது கால்கள்தான், அவள் இன்னும் நாலாவது பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து கரும்பலகைக்குப் பதினோரு எட்டு. கணிதம் முதலாமாண்டில் மொத்தம் நாற்பத்திரண்டு பெண்கள். ஒவ்வொருத்தியும் ஒரு நாள் இந்தப் பதினோரு எட்டையோ அதற்குக் கூடக் குறையவோ நடந்துபோய், ஒரு தேற்றத்தை இங்கிலீஷில் சொல்லி, பலகையில் நிரூபித்துவிட்டுத் திரும்ப வேண்டும். செமினார் என்று அதற்குப் பெயர். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு, பாதிப் பேருக்குத் தயிர்சாதம் கண்ணில் வந்து நிற்கிறது, யாரும் தன்னைப் பெரிதாகக் கவனிக்கப் போவதில்லை, அது ஒரு ஆறுதல். அதோடு வகுப்புக்குள் ஒரு எழுதாத ஒப்பந்தமும் இருந்தது. கடைசியில் மேம் "எனி டவுட்ஸ்?" என்று கேட்பார்கள், யாரும் கேட்கக்கூடாது. நான் உன்னைக் கேட்கமாட்டேன், நீ என்னைக் கேட்காதே. இதுவரை பேசிய ஒன்பது பேருக்கும் அந்த ஒப்பந்தம் பிசகாமல் நடந்திருக்கிறது. அதனால் பயம் கேள்வியைப் பற்றியது இல்லை. பயமெல்லாம் ஒரு வரியைப் பற்றியது. அவள் மனப்பாடம் செய்துவைத்திருந்த இருபத்திரண்டு வரிகளில் பதினான்காவது வரி. அது தப்பு என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது, தோன்றுவதே தப்பு என்றும் தோன்றிக்கொண்டிருந்தது.

பகா எண்களுக்கு முடிவே கிடையாது, இதுதான் அவளுக்குக் கிடைத்த தலைப்பு. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்கள். அவை போய்க்கொண்டே இருக்கும், கடைசி என்று ஒன்று இல்லை. நிரூபணம் தங்கப்புஷ்பம் அக்கா நோட்டில் இருந்தது. தங்கப்புஷ்பம் அக்காவை இவர்களில் யாரும் பார்த்ததில்லை; ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வகுப்பில் படித்துப் பல்கலைக்கழக ரேங்க் வாங்கிப் போனவள், அவள் நோட்டு மட்டும் ஜெராக்ஸின் ஜெராக்ஸாக வருஷா வருஷம் கை மாறி வருகிறது, ஓரங்கள் கறுத்து, சில எழுத்துகள் புழுதியாகி. செமினார் என்றால் அந்த நோட்டு, பரீட்சை என்றால் அந்த நோட்டு. அதில் பதினான்காவது வரி சொல்கிறது: முதலிலிருந்து வரிசையாகப் பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது எப்போதும் ஒரு பகா எண்ணே. அந்த 'எப்போதும்' என்ற சொல்லில்தான் அவள் கால் இடறியது. போன செவ்வாய்க்கிழமை, டவுன் பஸ்ஸில், எட்டயபுரம் ரோட்டில் ரயில்வே கேட் போட்டிருந்ததால் சும்மா நின்ற நேரத்தில், சரி போட்டுத்தான் பார்ப்போமே என்று அந்த ஜெராக்ஸின் பின்பக்கத்திலேயே போட்டாள். இரண்டோடு ஒன்று மூன்று. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு, ஒன்று கூட்டினால் ஏழு. பிறகு முப்பத்தொன்று. பிறகு இருநூற்றுப் பதினொன்று. பிறகு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. எல்லாம் பகா எண்கள்தான், நல்ல பிள்ளைகள். அடுத்தது பதின்மூன்றையும் சேர்த்துப் பெருக்கினால் முப்பதாயிரத்து முப்பது, ஒன்று கூட்டினால் முப்பதாயிரத்து முப்பத்தொன்று. அதைப் பதினேழால் வகுத்தாள், பத்தொன்பதால் வகுத்தாள், கேட் திறந்து பஸ் கிளம்பியும் விடவில்லை, வீட்டுக்கு வந்து காலண்டரில் கிழித்த தாளில் தொடர்ந்தாள், ஐம்பத்தொன்பதில் வந்ததும் மீதியே இல்லாமல் வகுபட்டுப் போயிற்று. ஐம்பத்தொன்பது முறை ஐந்நூற்று ஒன்பது. மறுபடியும் போட்டாள், மறுபடியும் அதுவே. மூன்றாம் முறை அம்மாவின் போனில் போட்டாள். போன் பழசு, ரெண்டு தடவை தண்ணீரில் விழுந்தது, அதன் கணக்கை எப்படி நம்புவது என்று நாலாவது முறை மறுபடியும் கையால் போட்டாள். போனைச் சந்தேகப்பட்டாள், தன் கையைச் சந்தேகப்பட்டாள், ஐம்பத்தொன்பதாம் வாய்ப்பாட்டையே சந்தேகப்பட்டாள். தங்கப்புஷ்பம் அக்காவைச் சந்தேகப்பட அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

சாக்பீஸ் எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை. "குட் ஆஃப்டர்நூன் டு ஆல்" என்று யாரோ சொன்னார்கள், அது தன் குரல்தான் என்று ஒரு கணம் கழித்துப் புரிந்தது. முதல் வரி வந்துவிட்டது, முதல் வரியைப் பிடித்து இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன, வாய் தன் பாட்டுக்கு இங்கிலீஷில் போய்க்கொண்டிருக்க, அவள் அதற்குப் பின்னால் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருந்தது, இவ்வளவுதானா, இதற்கா ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்டது. கை எழுதியது, விரலில் சாக்பீஸ் மாவு பிசுபிசுத்தது, முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. ஐந்தாவது வரி, ஆறாவது வரி. நடுவில் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. அங்கே ஒரு வட்டக் கணக்கு, புத்தகத்தில் அரைப்பக்கம் போகும், அவளுக்கு மூன்றே வரியில் வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஒரு கோட்டை இழுத்ததும் மற்றது தானாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பேப்பர் கொடுக்கும்போது டீச்சர் அவள் பெயரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "எவளப் பாத்துட்டி எழுதுன?" என்றார். யாரையும் பார்க்கலை டீச்சர். "அப்ப இது எப்பிடி வந்துச்சுன்னு சொல்லு." சொல்ல வேண்டியதுதானே? அந்தக் கோட்டைக் காட்டி இது இங்கே தொடுது டீச்சர் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அந்தப் பேசாமையையே டீச்சர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு மூன்று வரியின் மேலும் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள், தனக்குத் தோன்றுவதை எழுதக்கூடாது, புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். அதன்பிறகு மார்க் குறைந்ததே இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கித்தான் இந்தக் கணித வகுப்புக்கு வந்தாள், அந்தத் தொண்ணூற்றெட்டில் அவளுடையது என்று ஒரு மார்க்கூட இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டாவது வரி. பதின்மூன்றாவது வரி.

இப்போது சொல்லலாம், இப்போது விட்டால் எப்போது. சொன்னால் என்ன ஆகும்? ஆறு வருஷமாக இந்த நோட்டில் படித்து ரேங்க் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், மேமே இதைத்தான் நடத்தினார்கள், இவள் யார், நேற்று வந்தவள், தமிழ் மீடியம், பகா எண்ணுக்கு இங்கிலீஷில் என்ன என்று ஜூலை மாசம்தான் கற்றுக்கொண்டவள். கூட்டினது தப்பு, வகுத்தது தப்பு என்று ரித்திகா எழுந்து சொன்னால் அப்புறம் இந்த மூன்று வருஷமும் தலையை நிமிர்த்த முடியுமா? சரி, சரியாகவே இருக்கட்டும், அதற்கு மேல் என்ன சொல்வது? அந்த வரி விழுந்தால் அதைப் பிடித்து நிற்கிற எட்டு வரிகளும் விழும், தேற்றமே விழும், ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கிற தேற்றம் கோவில்பட்டியில் ஒரு செண்பகவல்லியால் விழுமா? விழாது. ஆகவே தப்பு அவளுடையதுதான். வாய் அந்த வரியைச் சொன்னது. சொல்லிவிட்டது. 'ஆல்வேஸ்' என்ற சொல் உதட்டைத் தாண்டும்போது குரல் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான், யாருக்குத் தெரியப்போகிறது. பிறகு பதினைந்து, பதினாறு, கடைசி வரி, நிரூபணம் முடிந்ததற்கு அடையாளமாக அடியில் ஒரு சின்னக் கட்டம். முடிந்தது. நிம்மதி வரும் என்று நினைத்தாள். வந்தது நிம்மதி இல்லை, பத்தாம் வகுப்பில் டீச்சர் இழுத்த கோட்டை இன்றைக்குத் தன் கையாலேயே தான் இழுத்துக்கொண்டது போல ஒரு கசப்பு. மேம் பேனாவை எடுத்து மார்க் போடக் குனிந்துகொண்டே, "குட். எனி டவுட்ஸ்?" என்றார்கள், குரலில் எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல். செண்பகவல்லி டஸ்டரை எடுத்துவிட்டாள்.

"மேம், எனக்கு ஒரு எடம் வெளங்கல."

மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம். உலகம்மாள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, தூங்கியவர்கள்கூட முழித்துக்கொண்டார்கள். கயத்தாறுக்கு உள்ளே ஏதோ ஊரிலிருந்து காலை ஆறே முக்காலுக்கு பஸ் ஏறி வருகிறவள், முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் அரியர், தலையில் எப்போதும் கனகாம்பரம், முதல் வாரத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் கையைத் தூக்கி வெளங்கல வெளங்கல என்று சொல்லி, வெளங்காதவ என்று பேரே வாங்கி, பிறகு தூக்குவதை நிறுத்திக்கொண்டவள். அப்படியொன்றும் சிநேகிதி இல்லை; ஒரு தடவை பேனா கடன் வாங்கியிருக்கிறாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாவி, ஒப்பந்தம் இருக்கிறதே, உன் முறை வரும்போது நான் வாயைத் திறப்பேனா, என்னை ஏன்டி இப்படி நிற்கவைக்கிறாய் என்று செண்பகவல்லிக்குக் காது இரண்டும் சுட்டது. பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "எந்த எடம்?" என்று மேம் கேட்டார்கள். உலகம்மாள் எழுந்து நின்று, கூச்சமே இல்லாமல், கையை நீட்டிக் காட்டினாள். "அந்தா, நடுவுல. பெருக்கி ஒண்ணக் கூட்டுனா எப்பமும் பகா எண்தான் வரும்னு இருக்குல்லா. அது எப்பிடி எப்பமும் வரும்? அத மட்டும் சொல்லு செண்பகா."

நாற்பத்திரண்டு வரிகளில் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம் என்று நினைத்தாள், பிறகு நாற்பத்திரண்டு ஆட்கள்தான், வரிகள் இருபத்திரண்டு என்று தன்னையே திருத்திக்கொண்டாள், இந்த நேரத்தில் இந்தத் திருத்தம் ரொம்ப முக்கியம் பார். அந்த ஒரு வரி. இவளுக்கு எப்படித் தெரியும்? திரும்ப அதையே இங்கிலீஷில் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டால் உலகம்மாள் உட்கார்ந்துவிடுவாள். இவ்வளவு நாளும் எல்லாரும் அவளை அப்படித்தான் உட்காரவைத்திருக்கிறார்கள், செண்பகவல்லியும் ஒருநாள் அந்தச் சிரிப்பில் சேர்ந்து சிரித்திருக்கிறாள், அது இப்போது ஞாபகம் வந்து உறுத்தியது. உலகம்மாள் உட்காரவில்லை. முகத்தில் கிண்டலில்லை, சோதிக்கிற பார்வையில்லை; தாகமாக இருக்கிறவள் தண்ணீர்ப் பானையைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவளைப் பார்த்து எழுதினாய் என்று அந்த முகம் கேட்கவில்லை. உனக்குத் தெரியும், சொல்லேன் என்றுதான் கேட்டது. பதினெட்டு வருஷத்தில் யாரும் அவளிடம் ஒரு கணக்கை அப்படிக் கேட்டதில்லை என்பது சட்டென்று உறைத்தது. கேட்டவர்கள் எல்லாம் விடை தெரிந்தவர்கள். "தமிழ்ல சொல்லட்டா மேம்?" என்றாள். "எதுலயாவது சொல்லும்மா" என்றார்கள் மேம், இன்னும் நிமிராமல்.

"எப்பவும் வராது" என்றாள் செண்பகவல்லி. "அந்த வரி தப்பு."

மேமின் பேனா நின்றது. இனித் திரும்ப முடியாது, முடியாது என்று ஆனபிறகு ஆச்சரியமாகப் பயம் குறைந்தது. அல்லது பயம் அப்படியே இருந்தது, அதைக் கவனிக்க நேரமில்லை, கை பலகையின் ஓரத்தில் எழுத ஆரம்பித்துவிட்டது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பெருக்கினால் முப்பதாயிரத்து முப்பது, ஒன்று கூட்டு. "இது பகா எண் இல்ல. அம்பத்தொம்பதால வகுபடுது, நாலு தடவ போட்டுப் பாத்தேன்." ரித்திகா நோட்டைத் திறந்து வகுத்துக்கொண்டிருந்தாள். மேம் எழுந்து வந்து பலகையின் மறுபக்கத்தில் தானே வகுத்தார்கள், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல உதடு அசைய வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு. மீதி பூஜ்யம். "சரியாத்தான்மா வருது" என்றார்கள். பிறகு, கொஞ்சம் மெதுவாக, "நானும் இத்தன வருஷமா அந்த வரியத்தான் சொல்லிட்டிருக்கேன்." அதைச் சொல்ல எத்தனை பெரிய மனசு வேண்டும் என்று செண்பகவல்லி நினைத்தாள், நினைப்பதற்குள் உலகம்மாள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள். அவள் கேட்பதற்கென்றே பிறந்தவள். "அப்பம் மொத்தமும் போச்சா? பகா எண்ணு ஒரு எடத்துல முடிஞ்சிருமா?"

இதற்கு அவளிடம் விடை இல்லை. பஸ்ஸிலும் இல்லை, காலண்டர்த் தாளிலும் இல்லை, இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பயந்துபோய்த் தாளை மடித்து வைத்தாள். ஆனால் உலகம்மாள் நின்றுகொண்டிருக்கிறாள், அவளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும், தெரிந்ததிலிருந்தாவது தொடங்கலாம். "இல்ல, இரு. இந்த முப்பதாயிரத்து முப்பத்தொண்ண ரெண்டால வகுத்தா மீதி என்ன?" "ஒண்ணு" என்றாள் உலகம்மாள். "மூணால?" "ஒண்ணு. நாமதான ஒண்ணக் கூட்டுனோம்." "அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, எதால வகுத்தாலும் மீதி ஒண்ணு. அப்ப நம்ம கையில இருக்கற எந்தப் பகா எண்ணாலயும் இத வகுக்க முடியாது. ஆனா அம்பத்தொம்பது வகுக்குது, அப்ப அம்பத்தொம்பது…" இங்கே நின்றாள். பலகையைப் பார்த்தாள். வரிசையில் ஆறு எண்கள் இருந்தன, அவற்றில் ஐம்பத்தொன்பது இல்லை. இல்லவே இல்லை. எத்தனை தடவை இந்தத் தாளை மடித்திருப்பாள், எத்தனை தடவை இந்த எண்ணை எதிரியைப் போலப் பார்த்திருப்பாள், அது இத்தனை நாளும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறது. அம்மா வேலை பார்க்கும் கடலைமிட்டாய்க் கம்பெனி எதற்கோ ஞாபகம் வந்தது, தட்டில் வார்த்தது அப்படியே முழுசாக வந்தாலும் மிட்டாய், உடைந்து போனாலும் துண்டும் மிட்டாய்தானே. "புதுசு!" என்று கத்தியேவிட்டாள். "அம்பத்தொம்பது நம்ம வரிசையிலயே இல்லாத புதுப் பகா எண் உலகு! பெருக்கி ஒண்ணக் கூட்டுனா வர்ற எண் ஒடையாம இருந்தா அதுவே புதுசு. ஒடைஞ்சா, ஒடையிற துண்டு புதுசு. எப்பிடியும் ஒரு புதுசு வந்தே தீரும். நீ எத்தன பகா எண்ணச் சேத்து வச்சாலும், வெளிய ஒண்ணு இருக்கும். அந்த ஒரு வரிதான் தப்பு, தேற்றம் தப்பில்ல!" தேற்றம் நின்றது. பதினான்காவது வரி இல்லாமலேயே, முன்னைவிடத் திடமாக நின்றது. உலகம்மாள் கனகாம்பரம் ஆட ஆடத் தலையை ஆட்டினாள். "இப்பம் வெளங்குது." பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஏட்டி, எனக்கும் இப்பத்தான் வெளங்குது" என்றாள், இந்த முறை சிரித்தவர்கள் வேறு மாதிரி சிரித்தார்கள்.

செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கப் பலகையின் பக்கம் திரும்பி எதையோ அழிக்கிற மாதிரி நின்றாள். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை, சத்தியமாகத் தெரிந்திருக்கவில்லை, அவள் கேட்டாள், சொல்லச் சொல்லத் தெரிந்தது. ஒரு வாரம் தனியாக மல்லுக்கட்டி வராதது, ஒருத்தி எதிரே நின்று காது கொடுத்ததும் வந்துவிட்டது. வெளங்கல என்று ஒருத்தி சொல்வது எவ்வளவு பெரிய கொடை, அதை இந்த வகுப்பே கிண்டல் செய்து வாயடைத்து வைத்திருந்ததே, அதில் தானும் ஒரு கைதானே. நன்றி என்று சொன்னால் சினிமா மாதிரி இருக்கும், மன்னிச்சிரு என்றால் அவளுக்கு எதற்கு என்றே தெரியாது. ஆனால் மனசுக்குள் இரண்டையும் சொன்னாள், ஒரு தடவை இல்லை, பல தடவை. பத்தாம் வகுப்பு டீச்சர் மேல்கூட இந்த நிமிஷத்தில் கோபம் வரவில்லை. பாவம், அவருக்கும் தனக்கு விடை தெரிந்ததை மட்டும் கேட்கத்தான் யாரோ கற்றுக்கொடுத்திருப்பார்கள். திரும்பி, "அந்த எடந்தான்னு ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு உலகு?" என்று கேட்டாள். உலகம்மாள் இதென்ன பெரிய விஷயம் என்பதுபோல, "எனக்கு இங்கிலீசு எங்க வெளங்குச்சு, நீ பேசுத கொரலத்தான் கேட்டுட்டு இருந்தேன். அந்த எடத்துல மட்டும் ஒன் கொரலு உள்ள போயிருச்சு. ஏதோ இருக்குன்னு பலகையில அந்த வரிய எழுத்துக்கூட்டி வாசிச்சேன்" என்றாள். யாருமே கவனிக்கப் போவதில்லை என்று ஆறுதல்பட்டவளை, ஒருத்தி குரல் இறங்குவது வரைக்கும் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு மேல் செண்பகவல்லியால் கண்ணைத் துடைக்காமல் இருக்க முடியவில்லை, துடைத்த கையில் இருந்த சாக்பீஸ் மாவு கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது. மேம் மார்க் நோட்டை மூடிவைத்துவிட்டு, முன்பெஞ்சில் ஒரு பெண்ணை நகரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

"இன்னொண்ணு" என்றாள் உலகம்மாள். அவள் இன்னும் உட்காரவே இல்லை. "இப்பிடிப் பெருக்கி ஒண்ணக் கூட்டுனா சிலது முழுசா பகா எண்ணாவே வருது, சிலது ஒடைஞ்சிருது. முழுசா வாரது எங்கயாச்சும் நின்னுபோயிருமா, இல்ல வந்துக்கிட்டே இருக்குமா?" செண்பகவல்லி பஸ்ஸில் போட்டதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மூன்று, ஏழு, முப்பத்தொன்று, இருநூற்றுப் பதினொன்று, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று, அப்புறம் உடைந்துபோன இது. மேமைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதும்மா. யாரும் இன்னும் கண்டுபிடிக்கலன்னு எங்கயோ படிச்ச ஞாபகம்" என்றார்கள். நாற்பத்தோரு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்றுகூடத் தூங்கவில்லை.

"தெரியலையே உலகு" என்றாள் செண்பகவல்லி, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படியாக, சந்தோஷமாக. பிறகு ஓரத்தில் கொஞ்சம் இடத்தை அழித்து, முப்பதாயிரத்து முப்பதுக்குப் பக்கத்தில் அடுத்த பகா எண்ணான பதினேழை எழுதிப் பெருக்கத் தொடங்கினாள்.